நாற்பது ஓம்

பாலாவி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுத பின்.

அன்புள்ள ஹுனைஸ் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மக்பூலின் மனைவி ரம்ஸியா எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. தேவை இருக்கவில்லை. நீங்கள் கட்டாரிலும் அவர் இங்கே பட்டறையிலுமாக, இரண்டு பேரின் கதைதான் விடிந்தால் பொழுதுபட்டால் ஃபோனில் ஓடிக்கொண்டிருந்ததே. நாங்கள் சுகம் என்று எழுதினால் பொய். நீங்கள் சுகமா என்று கேட்டால் அது அதைவிடப் பெரிய பொய். அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். அல்லாஹ் நம் எல்லோருக்கும் பொறுமையைத் தரட்டும்.

ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் யாருடைய ஃபோனையும் எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கதைக்க முடியாது. அவர் மௌத்தானதிலிருந்து இத்தாவில் இருக்கிறேன். அறையை விட்டு வெளியே போவதில்லை, பிற ஆண்களின் முகம் பார்ப்பதில்லை. என் குரல்கூட வெளியே கேட்கக் கூடாது என்று உம்மா காவல் இருக்கிறார். எழுதினால் குரல் கேட்காதே உம்மா என்றேன். அப்ப எழுது, ஆனா நீட்டாதே என்றார். நீட்டத்தான் போகிறேன். கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்த றிஸ்மின் திரும்பிப் போகிறார், அவர் கையில் இது வரும்.

முதலில் உங்கள் உம்மாவைப் பற்றி. சித்தி லெய்லா மாமி போன வெள்ளிக்கிழமை கனமூலையிலிருந்து பஸ் ஏறி வந்தார். வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவரை நான் தேற்ற வேண்டியதாகிவிட்டது. மகன் ஃபோன் எடுக்கிறான் இல்லை, லீவு கிடைத்தும் வரமாட்டேன் என்கிறானாம், கூட இருக்கிறவர்களிடம் விசாரித்தால் வேலைக்குப் போகிறான், வருகிறான், படுக்கிறான் என்று மட்டும் சொல்கிறார்களாம். எண்ட புள்ள உசிரோட இரிந்தும் இல்லாத மாதிரி இரிக்கான், நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் அவன் எழும்புவான் என்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

உங்களை ஒன்றும் நினைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த முதல் நாள்களில் உங்களைத் திட்டித் தீர்த்தேன். தொழுகைப் பாயில் இருந்துகொண்டே திட்டினேன். பாவம் என்று தெரிந்துதான்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. அவருடைய கையைத் தின்ற மெஷினை றஸ்மி ஓட்டத் தொடங்கிவிட்டான். அதே மோட்டாரோடு, அதே மாதிரி. அவருடைய தம்பி என்பதை மறக்கவே விடமாட்டான், அவ்வளவு பிடிவாதம். நீங்கள் சொன்னால் மட்டும்தான் கேட்பான். அவன் கையும் அந்த இரும்புக்குக் கீழே போகுமுன் நீங்கள் வாய் திறக்க வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் அந்த மெஷினுக்குச் சாமான் தெரிவு செய்த காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பழைய மில்லிங் மெஷின். கையால் சுற்றி வேலை செய்தது. அதைக் கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினாக மாற்றப் போகிறோம் என்று இரண்டு பேரும் புறப்பட்டீர்கள். பெண் பார்க்கிற வீடுகளில்கூட இவ்வளவு விசாரணை நடக்காது. சோற்றுக் கோப்பையில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஸ்டெப்பர் மோட்டாரா சேர்வோ மோட்டாரா என்று ஒரு மாதமாக வாதம். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஸ்டெப்பருக்குக் கட்டளை போகும், அது சுற்றும், ஆனால் சொன்ன அளவுக்குச் சுற்றியதா என்று யாருக்கும் தெரியாது, நடுவில் தடக்குப்பட்டாலும் வாய் திறக்காது என்றார். சேர்வோ அப்படியில்லை, செய்தேன், இவ்வளவுதான் முடிந்தது என்று திருப்பிச் சொல்லுமாம். அப்ப நீங்க ஸ்டெப்பர்தான் என்றேன். அதையும் உங்களுக்கு வொய்ஸ் போட்டுச் சிரித்தார், நினைவிருக்கும்.

கடைசியில் சேர்வோ என்று முடிவானது. கட்டுப்பாட்டுப் பெட்டி பட்டறையில் இருந்தால் உப்புக் காற்று ஒரு மழைக்காலத்தில் தின்றுவிடும் என்று நீங்கள் சொன்னீர்கள். அதனால் சுவரில் துளை போட்டுப் பெட்டியை வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்தார். பழைய திருகைக் கழற்றிவிட்டு, உள்ளே குண்டுகள் ஓடும் புதுத் திருகு போட்டீர்கள். பழையது இறுக்கம், மெஷினின் தலையை அந்தந்த இடத்தில் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். புதியது வழுக்கிக்கொண்டு ஓடும். வேலை முடிக்கு முடி சரியாக வரும். ஆனால் கரண்ட் போனால் பிடிக்க ஒன்றுமில்லை, இரண்டு ஆள் தூக்க முடியாத அந்தத் தலை தன் பாரத்திலேயே கீழே வரும். அதற்காக மேலும் கீழும் போகிற அச்சுக்கு மட்டும் பிரேக் உள்ள மோட்டார் வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

நீங்கள் மெசேஜில் கேட்டீர்கள், பெட்டியிலிருந்து மோட்டாருக்கு வயர் எத்தனை அடி, பிரேக் வேணுமா என்று. அவருக்குக் கையெல்லாம் கிரீஸ். ஒரு விரலால் அடித்தார்: 40 ஓம் பிரேக் கட்டாயம். நாற்பது அடி. ஓம், பிரேக் கட்டாயம். எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளையும் அதை அப்படித்தான் வாசிக்கும். உங்கள் தொழிலில் ஓம் என்பது கரண்ட்டில் ஒரு அளவாம். மோட்டார் வேகம் குறையும்போது மிஞ்சுகிற கரண்ட்டைச் சூடாக்கி எரிக்கிற பெட்டி ஒன்று இருக்கிறதாம், அதையும் பிரேக் என்றுதான் சொல்வார்களாம், நாற்பது ஓம் என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பார்களாம். நீங்கள் அந்தப் பெட்டியை வாங்கினீர்கள். பிரேக் இல்லாத மோட்டாரை வாங்கினீர்கள். வருஷக் கணக்காக அந்நிய நாட்டில் மெஷினோடு இருந்து, ஓம் என்றால் சம்மதம் என்பது உங்களுக்கு ஒரு நிமிஷம் மறந்துபோனது. அந்த வரியை நீங்கள் இப்போது எத்தனை தடவை எடுத்து எடுத்து வாசிக்கிறீர்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. அதை என்னைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை.

கொழும்பு ஆஸ்பத்திரியில் நசிந்த கையை வெட்டி எடுத்த பிறகு, காய்ச்சல் விட்டிருந்த ஒரு காலையில் அவர் தெளிவாகக் கதைத்தார். சீனி வருத்தக்காரர், கிருமி இரத்தத்தில் ஏறினால் கஷ்டம் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லியிருந்தார், அவருக்குச் சொல்லவில்லை, கடைசியில் அவரைக் கொண்டுபோனதும் அதுதான். நான் கட்டிலோரம் கதிரையில் இருந்து உங்களை ஏசினேன். பிரேக் கேட்டவனுக்குப் பிரேக் இல்லாத மோட்டாரை அனுப்பினானே உங்கட கூட்டாளி என்றேன். அவர் சிரித்தார். இந்த நாற்பது ஓம் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கட்டுப் போட்ட இடம் நொந்தும் சிரித்தார். அவனில பிழையில்ல, நான் புள்ளி போடல்ல என்றார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், பொட்டியத் தொறந்த அண்டைக்கே எனக்குத் தெரியும் என்று.

பார்சலில் வயர் இல்லை. கேட்காத பெட்டி ஒன்று இருந்தது. மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தாராம், தடையே இல்லாமல் சுற்றியதாம். அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் வேலை முடிந்து கடைகடையாய் ஏறி இறங்கி வாங்கினது, பிழை என்று சொன்னால் மனசு உடைந்துபோவான், அடுத்த லீவுக்கு வரும்போது முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்க வைத்திருந்தேன் என்றார். வயரைக் கொழும்பில் வாங்கிக்கொண்டார். கற்பிட்டி இன்னாசிப்பிள்ளை அண்ணனின் படகுக்கு ஒரு சாமான் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார், தாமதிக்க விருப்பமில்லை. தலைக்குக் கீழே ஒரு பாலைமரக் கட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டு வேலை செய்தார். ஒவ்வொரு தடவையும் கட்டையை வைத்துவிட்டுத்தான் கையை விடுவாராம். அன்று ஒரு பிடி இரும்புச் சீவலை அள்ளத்தானே என்று கட்டையில்லாமல் கையை விட்டார். கரண்ட் போய்விட்டது.

இதுதான் நடந்தது, நானா. அவருக்குத் தெரியும். தெரிந்து கையை விட்டார். உங்களை நீங்களே கொன்றுகொண்டிருப்பதற்கு இதில் இடமில்லை.

இப்போது றஸ்மி. அவனும் அதே கட்டையைத்தான் முட்டுக் கொடுக்கிறான். என் உம்மாவின் வாயால் சொல்லியனுப்பினேன், அவனைப் பெற்ற மாமியின் வாயால் சொல்லியனுப்பினேன். மௌத்தான எண்ட நானாட வேலைய நான் முடிப்பன் என்கிறான். நான் இருக்கிற இந்த அறைதான் பின்னறை, கட்டுப்பாட்டுப் பெட்டி என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. பச்சை வெளிச்சம் எரிந்தால் அவன் மெஷினில் நிற்கிறான் என்று தெரியும். பெரிய சுவிட்சும் இங்கேதான். எத்தனையோ தடவை அதை அணைக்கக் கை போயிருக்கிறது. அணைத்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் தலை விழும். அவன் கை அந்த நேரம் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எப்படித் தெரியும்? அவன் சாப்பிடப் போன நேரம் ஒரு நாள் ஃபியூஸைக் கழற்றித் தலையணைக்குள் வைத்தேன். மாமி வந்து கேட்டார். வேலை நின்றால் அடுப்பும் நிற்கும் என்று அவர் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டேன்.

ஆகவே நானா, ஒரு மோட்டாரைத் தெரிவு செய்து தாருங்கள். இந்த முறை எனக்கு எழுதுங்கள், என் கையால் றஸ்மிக்குக் கொடுத்தனுப்புகிறேன். அவனோடு நீங்களும் கதையுங்கள். உங்கள் உம்மாவுக்கு ஒரு ஃபோன் எடுங்கள். மகள் ருஷ்தா வாப்பாவைக் கேட்டு அழுவதை விட்டுவிட்டாள், அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் உங்கள் கைகளுக்கும் அல்லாஹ் பாதுகாப்புத் தரட்டும்.

உங்கள் சிநேகிதனின் வீட்டிலிருந்து,
ரம்ஸியா.


தோஹா,
வெள்ளிக்கிழமை.

தங்கச்சி ரம்ஸியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை றிஸ்மின் நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை. என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள்தான் திறந்தேன்.

முதலில் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்காக, அவனுக்குத் தெரியும் என்று நீங்களாக எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்சலில் வயர் இல்லை என்ற இடத்தைத் திரும்ப வாசித்தேன். அடிக்கணக்கு வரவில்லை, அங்கேயே வாங்கிக்கொள்வான் என்று நினைத்து நான் வயர் அனுப்பாதது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். வயர் எங்கே என்று அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தச் சின்ன ஆணி குறைந்தாலும் ஃபோன் எடுத்து ஏசுகிறவன், அதைக் கேட்கவில்லை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

உம்மாவோடு கதைத்தேன். றஸ்மிக்கும் எடுத்தேன். கதைக்கவில்லை, இரண்டு பேரும் அழுதோம். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னேன், புது மோட்டார் வரும்வரை தலையை அடிமட்டத்துக்கு இறக்கி வை, கீழே கிடப்பது விழாது என்று. செய்வாயா என்று கேட்டேன். ஆம் என்றான் என்று எழுதுகிறேன். அவன் சொன்ன சொல் வேறு. அந்தச் சொல்லை இனி என்னால் எழுத முடியாது.

மோட்டார் இந்தக் கடிதத்தோடு வருகிறது. எப்படித் தெரிவு செய்தேன் என்று முழுவதும் எழுதுகிறேன், றஸ்மிக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய மெஷின்களைக் கழற்றி விற்கிற கடையில் இதே அளவில் பல மோட்டார்கள் கிடந்தன. பெயர்த் தகட்டை நான் நம்பவில்லை. பிரேக் உள்ளது மற்றதைவிட இரண்டு விரல் நீளமாக இருக்கும், பின்பக்கம் தனியாக இரண்டு வயர் வரும். கரண்ட் கொடுக்காமல் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. கடைக்காரனைக் கொண்டு கரண்ட் கொடுத்தேன், டிக் என்று ஒரு சத்தம், தண்டு சுற்றியது. கரண்ட்டை எடுத்தேன், பிடித்தது. இப்படியே செய்துகொண்டிருந்தேன், கடைக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. றஸ்மியும் மெஷினில் பூட்டுவதற்கு முன் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் பூட்டக் கூடாது.

இந்தப் பிரேக் சைக்கிள் பிரேக் மாதிரி இல்லை. கரண்ட் இருக்கும்வரை விட்டிருக்கும். கரண்ட் போனதும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் பிடிக்கும். நின்ற தலையைப் பிடித்துக்கொள்ளத்தான் இது, ஓடுகிற தலையை இதனால் நிறுத்தப் பார்த்தால் தேய்ந்துபோகும். அதனுள்ளே எண்ணெய் போகக் கூடாது. வயர்கள் கூடுகிற இடத்துக்கு ரப்பர் வளையம் உள்ள பிளக் வைத்திருக்கிறேன், பாலாவிக் காற்றுக்கு வேறு எதுவும் தாங்காது.

இந்தப் பிரேக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மெஷினின் பின்பக்கம் ஒரு கப்பி கட்டி, சங்கிலியில் எதிர்ப்பாரம் தொங்கவிட வேண்டும். உப்பு மூட்டை நிறுக்கிற தராசில் தலையை நிறுத்துப் பார்த்து, அதைவிடச் சற்றுக் குறைந்த பாரம் போடட்டும். பிரேக் தேய்ந்தாலும் தலை மெதுவாகத்தான் வரும், கையை எடுக்க நேரம் இருக்கும். பாலைக் கட்டையையும் எறிய வேண்டாம். மூன்றும் இருக்கட்டும். இதையெல்லாம் முதலிலேயே எழுதியிருக்கலாம். பிரேக் வேண்டுமா என்று நான் கேட்டிருக்கவே கூடாது. அந்த அச்சுக்குப் பிரேக் இல்லாமல் மோட்டார் வாங்குவதே பிழை என்று எனக்குத் தெரியும், தங்கச்சி. எங்கள் தொழிற்சாலையில் நேற்று வந்தவனுக்கும் அது தெரியும். மோட்டாரோடு பிரேக் இருக்கிறது, அவன் எரிக்கிற பெட்டியைத்தான் கட்டாயம் என்கிறான் என்று நினைத்து, பெட்டியை வாங்கிய நான் மோட்டாரைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். நான் பார்க்காதது பார்க்காததுதானே.

நான் இப்போது மெஷினில் நிற்பதில்லை. யாராவது கையை உள்ளே விட்டால் சிவப்புப் பொத்தானை அடித்துவிடுகிறேன், வேலை கெட்டுப்போகிறது. சாமான் அறையில் போட்டிருக்கிறார்கள்.

லீவுக்கு வரமாட்டேன். உங்கள் வாசலுக்கு எந்த முகத்தோடு வருவது? அவனுடைய ஜனாஸாவுக்கு மண் அள்ளிப் போடாதவன் நான். மோட்டாரை றஸ்மி பூட்டுவான், அவனுக்கு அந்தத் திறமை இருக்கிறது. என்னை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. அதனால் கேட்கவில்லை. ருஷ்தாவுக்கு அல்லாஹ் துணை.

ஹுனைஸ்.


பாலாவி,
வியாழக்கிழமை, ளுஹருக்கு முன்.

அன்புள்ள ஹுனைஸ் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மோட்டார் உடையாமல் வந்து சேர்ந்தது. உங்கள் கடிதத்தை உம்மா வாசல் சீலைக்கு வெளியே இருந்து றஸ்மிக்கு வாசித்தார். உம்மாவுக்குக் கண் தெரியாத இடங்களில் நான் உள்ளேயிருந்து மெல்லச் சொல்லிக் கொடுத்தேன். ஸ்பிரிங், கப்பி, சங்கிலி என்று உம்மா வாசித்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். றஸ்மி உடனே எழும்பிப் பட்டறைக்குப் போனான். தண்டைச் சுற்றிப் பார்த்தான், சுற்றவில்லை என்று சொல்லியனுப்பினான். மூட்டை நிறுக்கிற உப்பு மடுவத்துத் தராசைக் கேட்டு வாங்கி வந்து தலையை நிறுத்தான். எதிர்ப்பாரத்துக்கு இன்னாசிப்பிள்ளை அண்ணன் பழைய நங்கூரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். படகுச் சாமானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். பட்டறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாராம்.

நேற்றுக் காலை எல்லாம் பூட்டி முடிந்தது. சோதித்துப் பார்க்கக் கரண்ட்டை அணைக்க வேண்டும். பெரிய சுவிட்ச் என் அறையில். றஸ்மி சொல்லியனுப்பினான், கையெல்லாம் வெளியேதான் இருக்கிறது, கட்டையும் வைத்திருக்கிறேன், தலையை உயரத்தில் நிறுத்தியிருக்கிறேன், மதினிதான் அணைக்க வேண்டும் என்று.

நான் பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். அணைக்க முடியவில்லை. உம்மா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அணைத்தேன். பச்சை வெளிச்சம் போனது, பெட்டிக்குள் சுற்றிய காற்றாடி நின்றது. நான் அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். அவருடைய கையில் விழுந்த அன்று சமையலறையில் இருந்து கேட்ட சத்தம். அது வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சலனமும் இல்லை. பிறகு றஸ்மி, இத்தாவும் மறந்து, காவலும் மறந்து, நிக்கிது மதினி, நிக்கிது என்று கத்தினான். உம்மா அவனை ஏசவில்லை. நான் மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். நின்றது. நங்கூரத்தைக் கழற்றிவிட்டு அணைக்கச் சொன்னான். அப்போதும் நின்றது.

நான் நிலத்தில் இருந்து அழுதேன். இவ்வளவுதானா, நானா? இரண்டு விரல் நீளம் கூடின ஒரு மோட்டார். ஒரு டிக் சத்தம். இவ்வளவு இருந்திருந்தால் அவர் இன்றைக்குப் பாண் வாங்கிக்கொண்டு வந்து, தேத்தண்ணீர் ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று சத்தம் போட்டிருப்பார். இதற்கா இவ்வளவு பெரிய வீடு வெறுமையாகிப் போனது?

நீங்கள் கேட்காமல் விட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் மோட்டாரைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒளிக்காமல் எழுதினீர்கள், அதை வாசித்த பிறகு எனக்கு உங்களோடு கோபமாக இருக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை. உங்களை மன்னித்துப் பொருந்திக்கொண்டேன். மனசறிந்து எழுதுகிறேன், இம்மைக்கும் மறுமைக்கும்.

என்னுடைய கஷ்டம் வேறு. மையித்தைத் தூக்குமுன் உம்மா என் காதில் குனிந்து, பொருந்திட்டியா மகள் என்று கேட்டார். எல்லா மனைவிமாரிடமும் கேட்பதுதான். நான் தலையாட்டினேன். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அவரை இன்னும் பொருந்த முடியவில்லை, நானா. உங்கள் மனசு நோகக் கூடாது என்று பார்த்தவர், இன்னாசிப்பிள்ளை அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைப் பார்த்தவர், எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே கோப்பையில் சாப்பிட்டுக்கொண்டு, அந்த இரும்பு எந்த நேரமும் விழும் என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு காலையும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா? அதனால்தான் சொல்லவில்லை. மௌத்தானவரோடு கோபிக்கக் கூடாது என்கிறார்கள். கோபிக்கிறேன். அவர் இருந்தால் ஒரு கிழமை முகம் கொடுக்காமல் இருந்து, பிறகு சண்டை பிடித்து, பிறகு அழுது முடித்திருப்பேன். யாரோடு சண்டை பிடிப்பது?

நீங்கள் வாருங்கள். எங்கள் வாசலுக்கு வர முகமில்லை என்றால் வாசலுக்கு வர வேண்டாம். நேரே அவர் அடங்கியிருக்கிற மையவாடிக்குப் போங்கள். நான் அங்கே போக முடியாது, இத்தா முடிந்தாலும் எங்கள் ஊரில் பெண்களை விடமாட்டார்கள். நீங்கள் அவருடைய கபுறடியில் நின்று, யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் பெயரால் அவரை நன்றாக ஏசுங்கள். ஊரைவிட்டு வந்து அகதி முகாமில் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது ஏசினது போல ஏசுங்கள். ரம்ஸியா கேட்கச் சொன்னாள், ஏன்டா அவளுக்குச் சொல்லவில்லை என்று கேளுங்கள். முழுவதும் கேட்டு முடித்த பிறகு என் ஸலாத்தையும் சொல்லுங்கள்.

உங்களை அல்லாஹ் சுகத்தோடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

மக்பூலின் மனைவி,
ரம்ஸியா.